ஐந்தாம் ரீல்

நாலாம் ரீலில் அவன் காலில் இரண்டு செருப்பு.
ஆறாம் ரீலில் ஒன்று.
நடுவில் என்ன நடந்ததென்று
மூலக்கொத்தளம் கொட்டகையில் எவனுக்கும் தெரியாது.
ஐந்தாம் பெட்டி வந்து சேரவேயில்லை.
ரயிலில் தொலைந்தது என்றார் டிக்கெட் கிழிப்பவர்,
எலி தின்றுவிட்டது என்றார் மறுநாள்.

எண்பத்து நாலு. எனக்குப் பதினொன்று.
பொட்டப்பிள்ளைக்கு என்ன சண்டைப்படம் என்று
அம்மா கதவைச் சாத்துமுன்
அண்ணன் தேசிங்கின் சட்டையில் நுழைந்து நழுவிவிடுவேன்.
பெஞ்சு டிக்கெட். மூட்டைப்பூச்சி.
திரையில் மூங்கில் காடு, மொட்டைத் தலையோடு
மடத்துக்குத் தண்ணீர் சுமக்கும் ஒருவன்.
பேசுவது சீனம், அடியில் ஓடுவது இங்கிலீஷ்.
இரண்டும் தெரியாத எங்களுக்கு
ஐஸ் பேக்டரி ஏகாம்பரம் எழுந்து நின்று வசனம் சொல்வான்.
வில்லன் வாயைத் திறந்தால்
'இன்னாடா மொறைக்கிற, சோமாரி!'
கிழட்டு குரு தாடியைத் தடவினால்
'தபாரு, வாடகை பாக்கி மூணு மாசம்.'
ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு வசனம்.
அதனால்தான் பதினாலு தடவை போனோம்.

இல்லை, அதனால் மட்டும் இல்லை.
கடைசிச் சண்டை, உறைந்த ஆற்றின் மேல்.
எத்தனை அடி விழுந்தாலும் அசையாத அந்த முகம்
வெறும் பாதம் பனியில் பட்டதும் லேசாகச் சுளிக்கும்.
அங்கே நான் கட்டைவிரலை மடக்கிக்கொள்வேன்.
இப்போதும் மடங்குகிறது.

செருப்பு எங்கே?
'எதிரி மூஞ்சில வீசிட்டான்' என்றான் தேசிங்கு.
'நொண்டிப் பையனுக்குக் குடுத்துட்டான்' என்றான் யூசுப்,
கடலைப் பொட்டலத்தை எண்ணாமல் நீட்டுகிறவன்
வேறென்ன சொல்வான்.
நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை:
அந்த மீன்காரி வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தான்,
திரும்பிப் போக ஒரு சாக்கு வேண்டுமே.
பேசின் பிரிட்ஜ் படிக்கட்டில் இருவரும் கட்டிப் புரண்டார்கள்.
விலக்கப் போனேன். கிழிந்தது நான் போட்டிருந்த சட்டை.

தேசிங்கு துபாயில் கிரேன் ஓட்டி
அங்கேயே அடங்கிப்போனான்.
யூசுப்புக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன.
செவ்வாய், வெள்ளி, ஸ்டான்லியில் நாலு மணி நேரம்.
வெள்ளிக்கிழமை ஷமீமால் கடையை விட்டு வரமுடியாது.
எனக்கு டிப்போவில் அன்று ஓய்வு.
நான் போய் உட்காருவேன்.

போன வாரம் போனை நீட்டினான்.
'கெடச்சிடுச்சு. முழுசா.'
டிபன் பாக்ஸில் சாய்த்து வைத்தோம்.
இத்தனை மங்கலாகவா இருந்தது அந்தக் காடு?
ஊசி இறங்கிய கையை அசைக்காமல்
மறு கையால் இல்லாத தாடியைத் தடவி
'வாடகை பாக்கி' என்றான் யூசுப்.
பக்கத்துக் கட்டில்காரர் எதற்கென்றே தெரியாமல் சிரித்தார்.
எழுபத்திரண்டாம் நிமிடம்.
இரண்டு செருப்போடு அவன் பாலத்தில் ஏறுகிறான்.
யூசுப்பின் விரல் திரையில் நின்றது.
என்னைப் பார்த்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பதினெட்டு நிமிடத்தை ஒரே இழுப்பில் தள்ளிவிட்டான்.
ஆறாம் ரீல். ஒற்றைச் செருப்பு.
'நொண்டிப் பையன்' என்றான், கண்ணை மூடிக்கொண்டு.

அன்று இரவு தண்டையார்பேட்டை பஸ்ஸில்
ஜன்னலோரம் உட்கார்ந்து
நானே தேடிப் பார்த்துவிட்டேன்.
சேறு.
கால் புதைகிறது, இழுக்கிறான், செருப்பு வரவில்லை.
குனிந்து பார்த்துவிட்டு நடக்கிறான்.
நாலு நொடி.
மிச்சமெல்லாம் மழை,
யாரோ யாரிடமோ குடைக்கு விலை பேசுகிறார்கள்.
மீன்காரி அந்தப் பக்கமே வரவில்லை.

இந்த வெள்ளி,
குழாயில் ரத்தம் சுற்ற ஆரம்பித்ததும்
'வீசித்தான் இருப்பான்' என்றேன்,
தேசிங்குக்காக.
'போடீ' என்று அரைவாசி எழுந்தான் யூசுப்.
மெஷின் கத்தியது. நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனாள்.
இன்னும் மூணரை மணி நேரம் இருக்கிறது.